காரில் ஏழு பேர், கடலோரம் ஒரு வேளைச் சாப்பாடு

"மாப்ளே, இங்கேயும் நம்ம ஈசிஆர் மாதிரி ஒரு ரோடு இருக்காமே?" திருச்சியிலிருந்து சிங்கப்பூரில் வந்திறங்கிய மறுநாளே அத்தான் கேட்டுவிட்டார். கேள்வியில் பாதி ரோட்டைப் பற்றியது, மீதி நண்டைப் பற்றியது. மிளகாய் நண்டுக் காணொளி ஒன்றை விமானத்தில் ஏறும் முன்பே பார்த்துவிட்டு வந்திருந்தார்.

நாள் சனிக்கிழமை. வாடகைக்கு எடுத்த ஏழு பேர் கார். அம்மாவுக்குச் சனிக்கிழமை பெருமாள் விரதம். முட்டை பட்ட கரண்டிகூட ஆகாது. பிள்ளைகள் இரண்டுக்கும் சாத்தே, அதாவது குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி. அக்காவுக்குக் கடலில் கால் நனைக்க வேண்டும். மனைவிக்கு எது கிடைத்தாலும் சரி, வரிசையில் மட்டும் நிற்க மாட்டாள். எதிர்வீட்டு மலாய்க் குடும்பமும் தங்கள் காரில் கூடவே வருவதாகச் சொல்லியிருந்ததால் ஹலாலும் வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து நிறுத்தப்போவது ஒரே இடத்தில். எங்கே?

இந்தக் கேள்வியோடு நான் பல வாரயிறுதிகள் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஊரிலிருந்து விருந்தினர் வரும் வீடுகள் எல்லாவற்றிலும் இதே பாடுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அத்தானுக்குச் சொன்ன கசப்பான உண்மை. சிங்கப்பூரிலும் ஈஸ்ட் கோஸ்ட் ரோடு என்று ஒன்று இருக்கிறது. அதில் கடல் இல்லை. 1966-ல் தொடங்கிய நில மீட்பு, அதாவது கடலை மண் கொட்டி நிரப்பி நிலமாக்கும் வேலை, கரையை அப்படியே தெற்கே தள்ளிவிட்டது. கத்தோங்கில் சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலுக்கு அந்தக் காலத்தில் போய்வந்தவர்களுக்குக் கடல் பக்கத்துத் தெரு மாதிரி. இன்று அதே இடத்திலிருந்து மரின் பரேட் அடுக்குமாடிகளையும், ஈசிபி விரைவுச்சாலையையும், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவையும் தாண்டினால்தான் மணல். ஈசிபியும் பூங்காவும் நிற்பது முழுக்க மீட்ட நிலத்தில்.

சரி, ஈசிபியில் போனால் கடல் தெரியுமா? அங்கும் அநேகமாகத் தெரியாது. நகரத்திலிருந்து கிளம்பி 1981-ல் திறந்த பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தின் மேல் ஏறும்போது மரினா பேயும், தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களும் ஒரு நிமிடம் காட்சி தரும். இறங்கிவிட்டால் தூங்குமூஞ்சி மரங்களும் காகிதப்பூச் செடிகளும்தான். ஓட்டுவதற்கு அருமையான சாலை, மறுக்கவில்லை. ஆனால் கடல் மரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. விமான நிலையத்தை நெருங்கும்போது சாலை கோடு போட்டது மாதிரி நேராக ஓடும்; நடுவில் மண்ணில் நட்ட மரம் இருக்காது, தொட்டிச் செடிகள்தான். அவசரம் என்றால் தொட்டிகளை நகர்த்திவிட்டு விமானம் இறக்க வசதியாக அப்படி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொன்னால் அடுத்த ஐந்து நிமிடம் சத்தம் வராது.

காரில் உட்கார்ந்தபடியே கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்குக் கோடிக்குப் போக வேண்டும். தானா மேரா கோஸ்ட் ரோடு பக்கமாகச் சுற்றி நிக்கோல் டிரைவைப் பிடித்தால் சாங்கிக் கடற்கரையை ஒட்டியே கார் ஓடும். நகரத்திலிருந்து சாங்கி கிராமம் வரை மொத்தமே ஏறக்குறைய 25 கிலோமீட்டர். "இதுக்கா ஏழு பேர் கார்?" என்றார் அத்தான். தீவின் அகலமே ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான் அத்தான், இதற்கு மேல் ஓட்டினால் பாஸ்போர்ட் வேண்டும்.

ஆகவே என் கணக்கு இது: கடலை எங்கே நிறுத்தினாலும் இறங்கி நடந்துதான் பார்க்கப்போகிறோம். காட்சியை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பயன் இல்லை. காருக்குள் இருக்கும் வயிறுகளை எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும்.

நண்டுக்கு

அத்தானின் ஆசையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஈஸ்ட் கோஸ்ட் கடலுணவு மையம், பூங்காவுக்குள்ளேயே, கடலைப் பார்த்தபடி. ஜம்போ உணவகம் தன் முதல் கடையை 1987-ல் திறந்தது இங்கேதான். மிளகாய் நண்டுக்கு இந்தக் கரையோடு அதைவிடப் பழைய சொந்தம் உண்டு. 1950-களில் செர் யாம் தியான் என்ற அம்மையார், வழக்கமாக அவித்துத் தந்த நண்டையே எத்தனை நாள் சாப்பிடுவது என்று கணவர் கேட்டதால், தக்காளி சாஸும் பிறகு மிளகாயும் சேர்த்துப் பிரட்டிப் பார்த்தார். காலாங் ஆற்றோரம் தள்ளுவண்டியில் தொடங்கி, அப்பர் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் உணவகமாக வளர்ந்தது அந்த வியாபாரம். கருமிளகு நண்டுக்கு லாங் பீச் உணவகம் உரிமை கொண்டாடும்.

சாப்பிடும் விதம் தெரிந்தவர்களுக்கு இது கொண்டாட்டம். பெரிய இலங்கை நண்டு, ஓடு ஏற்கெனவே தட்டி உடைத்து வரும். குழம்பு சிவப்பாக இருக்கும். முட்டையைக் கலக்கி ஊற்றியிருப்பதால் நூல் நூலாகத் திரிந்து நிற்கும். பெயரில் மிளகாய் இருக்கிறதே என்று நம் ஊர் நாக்கோடு போனால் ஏமாற்றம்தான். இனிப்புத்தான் முன்னால் நிற்கும். பொரித்த மந்தோ பன்னைக் கிழித்து அந்தக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுவதற்காகவே நான் போவேன். நண்டு எனக்கு இரண்டாம் பட்சம்.

ஆனால் எங்கள் காருக்கு இது ஒத்துவராது. இங்கேயுள்ள பெரிய கடலுணவு உணவகங்கள் ஹலால் இல்லை. எதிர்வீட்டார் வெளியே நிற்க வேண்டியதுதான். அம்மாவுக்குக் கிடைப்பது பூண்டு போட்டு வதக்கிய கீரை, அதிலும் சிப்பி சாஸ் விழாமல் பார்த்துக்கொள்ள நான் சமையற்கட்டு வாசலில் நிற்க வேண்டும்.

அப்புறம் பில். நண்டு கிலோ கணக்கில், அன்றைய விலைக்கு. மேசையில் உட்கார்ந்ததும் "இன்று கிலோ என்ன விலை, எங்களுக்கு எடுக்கும் நண்டு எத்தனை கிலோ" என்று இரண்டு கேள்வியும் கேட்டுவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, சீனக் குடும்பங்கள் எல்லாம் கேட்கத்தான் செய்கின்றன. பட்டியலில் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று இருந்தால் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அதன்மேல் 2024 முதல் ஒன்பது விழுக்காடான ஜிஎஸ்டி என்று சேர்ந்து 119 வெள்ளி 90 காசாகிவிடும். ஒருமுறை வேறொரு கடலோர உணவகத்தில் நான் முதல் கேள்வியை மட்டும் கேட்டேன், இரண்டாவதைக் கேட்கவில்லை. நான்கு பேருக்கு வந்த நண்டு எட்டுப் பேருக்கானது. நாங்கள் கேட்காமலே வைத்த வேர்க்கடலையும் ஈரத் துண்டும் பில்லில் தனித்தனி வரியாக இருந்தன. அன்று மனைவி வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

எல்லோரும் நண்டு சாப்பிடுகிறவர்கள், யாருக்கோ போனஸ் வந்திருக்கிறது, முன்பதிவும் செய்தாகிவிட்டது. இந்த மூன்றும் அமைந்தால் இங்கே வாருங்கள்.

சாத்தேவுக்கு

அதே பூங்காச் சாலையில் இன்னும் கிழக்கே ஈஸ்ட் கோஸ்ட் லகூன் ஃபுட் வில்லேஜ். சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரைக்கடியில் கூடும் உணவங்காடி நிலையம்தான், ஆனால் கூரைக்கு வெளியே மேசைகள் திறந்தவெளியில், கடலைப் பார்த்தபடி. தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தால் தென்னை மரத்துக்கு நடுவே கப்பல் விளக்குகள். இந்த ஊரில் மணலுக்கு இவ்வளவு கிட்டத்தில் உணவங்காடி கிடைப்பது அபூர்வம்.

பிள்ளைகளுக்குச் சொர்க்கம் என்றே சொல்வேன். ஹரோன் சாத்தே கடையை நிறையப் பேருக்குத் தெரியும். சாத்தே சுடுகிறவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள்: ஒரு கையில் விசிறி, மறு கையில் நுனியை நசுக்கிய எலுமிச்சைப்புல் தண்டு. அதையே தூரிகையாக எண்ணெயில் தோய்த்துக் குச்சிகளின் மேல் ஓர் இழுப்பு. கொழுப்பு கரியில் விழுந்து தீ எழும்பும்போது விசிறியை நிறுத்துவார், அடங்கியதும் மறுபடி வீசுவார். கண்ணில் கரிப்புகை. தட்டில் வேர்க்கடலைக் குழம்பு, வெள்ளரி, வெங்காயம், கெத்துப்பாட் சோற்றுக்கட்டி. பக்கத்துக் கடைகளில் சுட்ட கோழி இறக்கையும், வாழையிலையில் சம்பால் தடவிச் சுட்ட திருக்கையும். திருக்கை என்றதும் அக்காவின் முகம் மாறியது, "பிள்ளை பெற்றவளுக்குத்தானே திருக்கைப் புட்டு?" என்றாள். இங்கே அது பீருக்குத் துணை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வார நாளில் நடுப்பகலில் போகாதீர்கள். பல கடைகள் மாலையில்தான் திறக்கும், பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டு வரலாம். சனி, ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் போனால் கடைகள் திறந்திருக்கும், மேசை இருக்காது. டிஷ்யூ பொட்டலம் போட்டு இடம் பிடிக்க ஒருவரை முதலில் இறக்கிவிட்டு, பிறகு காரை நிறுத்தப் போங்கள். மழை வந்தால் வெளி மேசைகளில் இருப்பவர்கள் எல்லோரும் கூரைக்கடியில் ஓடிவருவார்கள். ஹலால் கடையும் மற்றதும் கலந்தே இருக்கின்றன, சான்றிதழைப் பார்த்து வாங்கினால் எதிர்வீட்டாருக்குக் கவலை இல்லை. தட்டைத் திருப்பி வைக்கும் அடுக்கும் தனித்தனிதான். ஊர் விருந்தினருக்கு ஒன்றைச் சொல்லிவையுங்கள்: 2021 செப்டம்பர் முதல் உணவங்காடியில் தட்டை எடுத்து வைக்காமல் எழுந்தால் கேட்பார்கள். அத்தான் இதைக் கேட்டுவிட்டு, "சாப்பிட்ட இலையை நாமதானே எடுக்கணும், இதுக்குச் சட்டம் வேறயா?" என்றார். கல்யாண வீட்டில் அவர் எடுத்து நான் பார்த்ததில்லை.

சைவம்? இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கரும்புச் சாறு உண்டு, இளநீர் உண்டு. எழுபது வயது அம்மாவை இளநீரோடு உட்காரவைத்துவிட்டு நாம் குச்சி குச்சியாகத் தின்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு செய்தி. இந்தக் கரைக்கு வெளியே லாங் ஐலண்ட் என்று ஏறக்குறைய 800 ஹெக்டர் நிலத்தை மீட்கும் திட்டத்தை 2023-ல் அறிவித்தார்கள். கடல் மட்டம் உயர்ந்தால் கரையைக் காப்பதற்காக; நடுவே ஒரு நீர்த்தேக்கமும் வரும். இன்று லகூனில் உட்கார்ந்து பார்க்கும் திறந்த கடல் என் பேரப்பிள்ளைகளுக்கு ஏரியாகத் தெரியக்கூடும். பார்க்க வேண்டியதைச் சீக்கிரம் பார்த்துவிடுங்கள்.

மற்ற திசைகள், சுருக்கமாக

மேற்கே போகலாமா என்று மனைவி கேட்டாள். அங்கே வெஸ்ட் கோஸ்ட் டிரைவில் ஆயர் ராஜா உணவங்காடி நிலையம். இந்திய முஸ்லிம் கடைகள் வரிசையாக. வறுத்த நூடுல்ஸான மீ கோரெங்கும், ரத்தச் சிவப்பாக வரும் எலும்புச் சூப்பான சூப் துலாங்கும் சாப்பாட்டுப் பிரியர்களுக்குப் போதும். எலும்பை உறிஞ்ச உறிஞ்சு குழல் தருவார்கள். சுவையில் கிழக்கை விட ஒரு படி மேல் என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, அவர்களில் நானும் ஒருவன். ஆனால் கடலுக்கும் நமக்கும் நடுவே சரக்குப் பெட்டித் துறைமுகம். கடலோரப் பயணம் என்ற பேச்சே அடிபட்டுப்போகும்.

வடக்கே பொங்கோல் முனை: மலேசியாவின் ஜொகூர் கண்ணெதிரே, கரையில் கடலுணவு உணவகங்கள். நண்டுக் கடைக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். செம்பவாங் பூங்கா அமைதியான இடம், மீன் பிடிப்பவர்களோடு பேசிக்கொண்டிருக்கலாம், சாப்பாட்டுக்காகப் போக வேண்டியதில்லை.

சாங்கி

கடைசியில் காரைத் திருப்பியது சாங்கி கிராமத்துக்குத்தான். நான் முடிவு செய்தேன் என்று சொல்வதைவிட அம்மா முடிவு செய்தார் என்பது சரி. "அங்கேதானே ராமர் கோயில்?" என்றார். 1946-ல் தொடங்கிய ஸ்ரீ ராமர் கோயில், சாங்கி வில்லேஜ் ரோட்டிலேயே, மரத்தடியில். ஆஞ்சநேயரும் உண்டு, புத்தரும் குவான் யின்னும் உண்டு. சீனர்களும் ஊதுபத்தியோடு வருவார்கள். பெருமாளுக்கு விரதம் இருக்கும் நாளில் கடற்கரைச் சாப்பாட்டுக்கு ஐந்து நிமிடத் தொலைவில் ராமர் இருக்கிறார் என்றால், மற்ற இடங்கள் போட்டியில் எப்படி நிற்க முடியும்?

உணவங்காடி நிலையம் என்றால் இங்கே நாசி லெமாக்தான். இண்டர்நேஷனல் நாசி லெமாக் கடை வரிசை தூரத்திலிருந்தே தெரியும். பக்கத்திலேயே மிஸிஸ் கார்னரும், இன்னும் சில கடைகளும். எது அசல், எது நல்லது என்று அந்த வட்டாரத்தில் பேச்சை எடுக்காதீர்கள், இரவாகிவிடும். என் வழி எளிது: வரிசை நீளமாக இருந்தால் அடுத்த கடை. தேங்காய்ப் பாலில், பாண்டான் இலை போட்டு வேகவைத்த சோறு. ஒன்றோடொன்று ஒட்டாது, ஆனால் விரலில் எண்ணெய் மினுக்கும். மேலே மொறுமொறு நெத்திலியும் கடலையும், ஓரம் கருகிய பொரித்த முட்டை, மஞ்சள் போட்டுப் பொரித்த கோழி இறக்கை, பிறகு சம்பால். இனிப்பும் காரமும் பாதிப்பாதி. அத்தான் முதல் வாய் வைத்துவிட்டு, "நம்ம தேங்காய்ச் சாதம்தானே, ஆனா இப்படி யாரும் பண்ணலையே" என்றார். ஹலால் கடை என்பதால் எதிர்வீட்டாரும் அதே மேசையில். சாத்தே கேட்ட பிள்ளைகள் கோழி இறக்கையில் சமாதானமாகிவிட்டார்கள். பிறகு சுடச்சுட வாழைப்பழப் பொரியல்.

அம்மாவுக்கு என்ன செய்தோம்? இங்கேயும் கடைகளை நம்பவில்லை. பரோட்டாக் கடை உண்டு, ஆனால் வெறும் பரோட்டாவும் முட்டை முர்தபாவும் ஒரே கல்லில்தான் வேகும். நாசி லெமாக் சம்பாலில் நெத்திலியோ, இறால் விழுதான பெலச்சானோ இருக்கும். அதனால் வீட்டிலிருந்தே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வந்திருந்தோம். கடைகளைத் தவிர இன்னொரு வழியும் உண்டு என்று நான் சொல்ல வந்தது இதைத்தான்: நிக்கோல் டிரைவில் காரை நிறுத்தி, சாங்கிக் கடற்கரையில் பாய் விரித்துக் கட்டுச்சோறு. செலவில்லை, வரிசையில்லை, விரதத்துக்குப் பழுதில்லை. தலைக்கு மேல் விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போகும், அவ்வளவு தாழ்வாக. ஒன்றை மட்டும் பெரியவர்கள் சொல்லித்தருவார்கள்: 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் ஆட்களை நிறுத்திச் சுட்ட கரைகளில் இதுவும் ஒன்று. நினைவுக்கல் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டினேன், அக்கா அங்கே கால் நனைக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நனைத்தாள்.

சாங்கிக்கு இன்னொரு பலம், ஈஸ்ட் கோஸ்ட்டில் கிடைக்காதது. ஈஸ்ட் கோஸ்ட் பார்ப்பது தெற்கே. சூரியன் கடலில் விழுவதை அங்கே பார்க்க முடியாது. சாங்கி முனையில் 2.2 கிலோமீட்டர் மரப்பாலம் ஒன்று நீரோரமாக ஓடுகிறது, அதன் மேற்குக் கோடியில் நின்றால் அஸ்தமனம் நேராக. சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டியே இருட்டும் என்பதால் கணக்கு எளிது: ஐந்தரைக்குக் கடற்கரையில் அம்மாவின் சாப்பாடு, ஆறேகாலுக்குக் கோயில், ஆறரைக்கு மரப்பாலம், ஏழேகாலுக்கு நாசி லெமாக்.

சாங்கியின் தொல்லை கார் நிறுத்துவதுதான். அரை மணிக்கு 60 காசுதான், ஆனால் சனிக்கிழமை இரவில் இடத்துக்குச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். கோயிலுக்குப் போகும்போதே நிறுத்திவிட்டுப் பிறகு எடுக்காமல் நடப்பது நல்லது. நேரம் இருந்தால் படகுத்துறைக்குப் போய்ப் பாருங்கள். பன்னிரண்டு பேர் சேரும்வரை பும்போட் என்னும் சிறு மோட்டார் படகு கிளம்பாமல் நிற்கும், உபின் தீவுக்கு. சாப்பாட்டுக்கு முன் அதில் ஏற வேண்டாம், திரும்பி வருவதற்குள் நாசி லெமாக் தீர்ந்திருக்கும்.

அப்போ அத்தானின் நண்டு? மறுநாள் ஞாயிறு காலை தேக்கா ஈரச்சந்தைக்குப் போனோம். வாழைநாரால் கொடுக்கைக் கட்டிய நண்டுகளை அத்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி வயிற்றை அழுத்திப் பார்த்தார், மீன்காரர் தமிழிலேயே திட்டினார். மூன்று நண்டு. அக்கா சோம்பும் மிளகும் அரைத்துக் குழம்பு வைத்தாள். எதிர்வீட்டு அம்மா வாசனை பிடித்துக்கொண்டு வந்து, ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனார்.